மீசையில் ஒட்டிய ஆங்கிலம்

என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அப்பாவுக்கும் அப்படித்தான். சாஸ்ட்ரோ வம்சத்து ஆம்பிளைகள் எல்லோருமே அப்படித்தான் என்று என் மனைவி டார்லிஸ் சொல்வாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இந்த லட்சணத்தில், என் பண்ணையில், என் கொட்டகையில், என் மாடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேர் தினமும் இரண்டு வேளை என் பெயரைச் சொல்லிச் சிரித்தால் என் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

சிரித்தவர்கள் ஒப்துலியாவும் அவள் தம்பி ஃபிதென்சியோவும். மெக்சிகோவில் வெராக்ரூஸ் பக்கம் ஒரு மலை ஊர். ஒப்துலியா எங்களிடம் வந்து ஏழு வருஷம், தம்பி வந்து மூன்று வருஷம். நல்ல கறவைக்காரி கிடைப்பது விஸ்கான்சினில் குதிரைக்கொம்பு. ஒப்துலியா மாட்டின் காதைத் தொட்டே காய்ச்சல் என்று சொல்லிவிடுவாள். எனக்குக் குடலிறக்கம் வந்து ஆறு வாரம் படுத்தபோது பண்ணையை அவள்தான் நடத்தினாள். பால் ஒரு சொட்டுக் குறையவில்லை. கொஞ்சம் கூடியது, அதுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே! எங்கள் கறவைக் கூடத்தில் ஆள் நிற்பது பள்ளத்தில். மாடுகள் இரண்டு பக்கமும் மேலே வரிசையாக நிற்கும். நான் வாசலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே முதலில் ஸ்பானிய மொழியில் கடகடவென்று பேச்சு. பிறகு ‘வெர்லின்’ என்று என் பெயர். பிறகு ஒரு வெடிச் சிரிப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு பேர் முகமும் பிரசங்கம் கேட்கிற முகமாக மாறிவிடும்.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல முதலாளி. மாடு.”

“மாடு சிரிப்பு மூட்டுதாம்” என்று சாப்பிடும்போது டார்லிஸிடம் பொருமினேன்.

“மூட்டியிருக்கும். எந்த மாடு, மீசை வெச்சதா?” என்றாள்.

எனக்கு மீசை உண்டு. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வைத்தது, முப்பத்தொரு வயது அதற்கு. இரண்டு முனையும் வாய்க்குக் கீழே இறங்கி நிற்கும். அதை யாரும் குறை சொல்ல விடமாட்டேன்.

சரி, இவர்கள் என்னதான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். யாருக்கும் தெரியாமல் ஸ்பானிய மொழி கற்பது. டிராக்டரில் பாடம் போட்டுக் கேட்டேன். ஒரு சொல்லை நாற்பது தடவை சொல்லுவேன். இறங்கும்போது நான் மட்டும்தான் இறங்குவேன், சொல் டிராக்டரிலேயே உட்கார்ந்திருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் இந்த மண்டையில் இனி ஒன்றும் ஏறாது என்று கை கழுவப் பார்த்தேன். அப்போதுதான் டார்லிஸ் நூலகத்திலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். யாருக்கும் தெரியாமல் என்று நான் நினைத்ததில் அவள் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

“சொல்லை மனப்பாடம் பண்ணாதே, படமா மனசுல வரைஞ்சுக்கோன்னு போட்டிருக்கான். நல்லாத் தெரிஞ்ச இடத்துல அந்தப் படத்தை வைக்கணுமாம். படம் எவ்வளவு பைத்தியக்காரத்தனமா இருக்கோ அவ்வளவு நல்லா ஒட்டுமாம். உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு.”

எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் எது? என் கொட்டகை. எண்பது மாடு, எண்பது கட்டுத்தறி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பெயர்ப் பலகை. கண்ணை மூடினால் வரிசையாகச் சொல்லுவேன். ஆக, ஒவ்வொரு தறியிலும் ஒரு சொல்லைக் கட்டினேன். முதல் தறியில் பெர்னீஸ் பின்னங்காலில் நின்றுகொண்டு துடைப்பத்தால் கூட்டுகிறாள், துடைப்பத்துக்கு எஸ்கோபா. அடுத்து லூயெல்லா, கொம்பில் குடையை விரித்துக்கொண்டு நிற்கிறாள், குடைக்குப் பராகுவாஸ். கரண்டியால் கஞ்சி குடிக்கிற மாடு, ஜன்னலில் தலை வாருகிற மாடு, நாற்காலியில் தன் பெரிய பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மாடு. தீவனம் போடப் போகிற சாக்கில் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று முணுமுணுப்பேன். மாடுகள் மரியாதையாகக் கேட்டன. இரண்டு மாதத்தில் நூற்றிருபது சொல் தலையில் ஏறிவிட்டது, சில மாடுகளுக்கு இரண்டு இரண்டாக.

மாட்டுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று இதில் இருந்தது. மார்ச்சில் லூயெல்லாவை விற்றேன். குடையும் அவளோடு லாரியில் ஏறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஸ்பானிய மொழியில் மழை உண்டு, குடை கிடையாது. ஏப்ரலில் குளம்பு வெட்டுகிறவன் வந்தான். வெட்டி முடித்துவிட்டு மாடுகளைத் தறி மாற்றிக் கட்டிவிட்டுப் போனான் படுபாவி. கரண்டி ஜன்னலுக்குப் போனது, நாற்காலி எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு வாரம் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி இருந்தது.

ஒரு சொல் மட்டும் எந்த மாட்டிலும் நிற்கவில்லை. பதினான்காம் பாடத்தில் வந்தது. பக்கத்தில் இல்லாத ஒருவரை நினைத்து மனசு ஏங்குகிறது என்பதற்கு அவர்களிடம் ஒரே சொல் இருக்கிறது, எக்ஸ்த்ரான்யோ. நான்கு மாடுகள் மேல் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தேன். நான்கும் ஈயை உதறுகிற மாதிரி உதறிவிட்டன. மாட்டுக்காரனுக்கு இந்தச் சொல் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் ஒரு மாலைக் கறவையின்போது தீவனப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். முட்டி வலித்தது, ஆனாலும் விடவில்லை. உள்ளே பேச்சு ஆரம்பித்தது. ‘வெர்லின்’ வந்தது. தொடர்ந்து ‘ஜன்னல்’ வந்தது, எனக்குப் புரிந்தது! அப்புறம் ‘பின்பக்கம்.’ அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. போன இலையுதிர் காலத்தில் நடந்த விஷயம் அது. தீவன அறைச் சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பின்பக்கமாக இறங்கலாம் என்று ஒரு பீப்பாய் மேல் ஏறிச் சட்டத்தில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தேன். பின்பக்கம் உள்ளே போனது. அதோடு நின்றுவிட்டது. தலையும் காலும் வெளியே, மடித்த பாய் மாதிரி, முக்கால் மணி நேரம். கடைசியில் அக்காவும் தம்பியும்தான் கன்று இழுக்கிற கயிற்றைப் போட்டு என்னை வெளியே இழுத்தார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லைதான், தங்களுக்குள்ளேயே தினம் இரண்டு வேளை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

எழுந்து பாய்ந்தேன். பள்ளத்தின் படியில் நின்று, ஐந்து மாதப் படிப்பையும் திரட்டி, ஸ்பானிய மொழியிலேயே கத்தினேன். ‘என் பின்பக்கத்தைப் பற்றி இங்கே என்ன பேச்சு?’ என்று கேட்க நினைத்தேன். குளம்பு வெட்டுகிறவன் மாடுகளை மாற்றிக் கட்டியதை மறந்துவிட்டேன். ‘என் கரண்டியைப் பற்றி இங்கே என்ன பேச்சு?’ என்றுதான் வாயில் வந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஃபிதென்சியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒப்துலியா ஒரு மாட்டின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிற அளவுக்குச் சிரித்தாள். அந்த மாடும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“சிரிங்க! நல்லா சிரிங்க! சோறு போடுற கையைக் கடிச்சிட்டுச் சிரிங்க!” என்று என் மொழிக்கே திரும்பினேன்.

ஒப்துலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தயங்கித் தயங்கி நீட்டினாள். பிரித்தேன். முதல் பக்கத்தில் நான். இரண்டாம் பக்கத்திலும் நான். அறுபத்து மூன்று பக்கமும் நானே. பென்சிலால் வரைந்திருந்தாள், பாவி, தத்ரூபமாக. வயிறு முரசு மாதிரி வீங்கி, சட்டைப் பொத்தான் தெறித்துப் போகிற நான். கீழே ஆங்கிலத்தில் ‘ப்ளோட்’, மாட்டுக்கு வருகிற வயிற்று உப்புசம். கால் மேல் பால் கேனைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கிற நான், ‘லேம்’, நொண்டல். கம்பளிச் சட்டைக்குள் தலை சிக்கி முறுக்கிக்கொண்டு சுற்றுகிற நான், அது இரைப்பை முறுக்கிக்கொள்கிற நோய். கடைசிப் பக்கத்தில் அந்த ஜன்னல். கீழே ‘ப்ரீச்’ என்று எழுதியிருந்தது. கன்று தலை முதலில் வராமல் பின்பக்கம் முதலில் வந்து மாட்டிக்கொள்வது. எல்லாப் படத்திலும் அழுக்குத் தொப்பி, எல்லாப் படத்திலும் மீசை. ஒரு படத்தில் மீசையில் பாலாடைக்கட்டித் துணுக்குகூட இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க முதலாளி” என்றாள். “முதல்ல பூ, பறவைன்னு அழகழகாத்தான் நெனச்சுப் பாத்தேன். ஒண்ணும் மனசுல நிக்கல. உங்கள வெச்சு நெனச்சா ஒரே தடவையில ஒட்டிக்குது.”

“அதென்ன, ஊர்ல வேற மூஞ்சியே கிடையாதா?”

“அந்த மீசை இருக்கே முதலாளி” என்றான் ஃபிதென்சியோ தரையிலிருந்தே. “அத ஒரு தடவை பாத்தா சாகற வரைக்கும் மறக்காது.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இவள் என்னோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறாள். ‘சரி முதலாளி, இல்ல முதலாளி’ என்பதைத் தாண்டி ஏழு வருஷத்தில் இவள் வாயில் இவ்வளவு ஆங்கிலம் வந்ததே இல்லை.

“இந்த வார்த்தையெல்லாம் உனக்கு எதுக்கு?”

அவள் தரையைப் பார்த்தாள். “பரீட்சை, முதலாளி. அடுத்த மாசம். மாட்டு வைத்தியருக்கு உதவியாளர் பரீட்சை. பாஸ் பண்ணினா டவுன் மாட்டு ஆஸ்பத்திரியில வேலை தர்றேன்னிருக்காங்க. காலைல எட்டு மணிக்குப் போனாப் போதும்.”

“அப்ப இங்க?”

“ஃபிதென்சியோ இருப்பான்.”

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். டார்லிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் கையிலிருந்த கத்தி நிற்காமல் ஓடியதைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா?”

“விண்ணப்பம் எழுதிக் குடுத்ததே நான்தான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா கத்துவ.”

“நான் எப்பக் கத்தினேன்!” என்று கத்தினேன்.

அவள் ஒரு கிழங்கை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

“அவ போயிட்டா என் கதி என்ன?” என்றேன்.

“அவ கதி என்ன? அதைச் சொல்லு. முப்பத்தெட்டு வயசு. விடியக்காலம் மூணரைக்கு எந்திரிச்சு அந்தப் பள்ளத்துல ஈரத்துல நிக்கிறா. வலது முட்டி போயே போச்சு. உன் கண்ணுக்கு மாடு நொண்டினாத்தான் தெரியும். அப்புறம், பரீட்சைக்கு ஆளாளுக்கு ஒரு மாடு கொண்டு வரணுமாம். கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணுமாம். உன் பேரை எழுதிட்டேன்.”

அந்த ஒரு மாதம் நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். அவள் தோற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் காலையும் மாலையும் நினைத்தேன். தோற்றால் இரண்டு நாள் அழுவாள், பிறகு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிடுவாள், எல்லாம் பழையபடி நடக்கும். நடுவில் அவள் என்னை வைத்தே படித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒளிவுமறைவு வேறு இல்லை. நான் தடுக்கி விழுந்தால் போதும், “முதலாளி, அப்படியே இருங்க!” என்று பென்சிலோடு ஓடி வருவாள்.

பரீட்சை ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. கிளம்புவதற்கு முந்தின நாள் டார்லிஸ், “நாளைக்காவது மனுஷனா வா. டாக்டர்கள்லாம் இருப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். காலைக் கறவை முடிந்ததும் வந்து குளித்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டேன். தொப்பியை ஆணியில் மாட்டினேன். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மீசையை எடுத்துவிட்டேன்.

கீழே வந்தபோது டார்லிஸ் காப்பியை மேசையில் ஊற்றிவிட்டாள்.

“அடப்பாவி! என்ன காரியம் பண்ணியிருக்க?”

“மனுஷனா வரச் சொன்னியே.”

“வேணும்னே பண்ணினியா வெர்லின்?”

“இல்ல.”

அந்த ‘இல்ல’ முழு உண்மைதானா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பரீட்சை மாவட்டக் கண்காட்சி மைதானத்து மாட்டுக் கொட்டகையில். இரும்புக் கம்பிக் கதவுகளால் தடுத்த பட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மாடு, பரீட்சை கொடுக்க வந்த ஒருவர். டார்லிஸ் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள், நான் கிளாரிஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருக்கிறதிலேயே சாதுவான மாடு. கேள்வி கேட்கிறவர் டாக்டர் ஹாஸ், அறுபது வயதுப் பெண்மணி, சிரித்தால் வரி கட்ட வேண்டும் என்கிற மாதிரி ஒரு முகம்.

“கயிறு பிடிக்கிறவருக்கு விதி இதுதான்” என்றார் என்னைப் பார்த்து. “பேசக்கூடாது. தலையாட்டக்கூடாது. கையால காட்டக்கூடாது. புரிஞ்சுதா?”

தலையாட்டினேன். முறைத்தார்.

ஒப்துலியா வெள்ளைக் கோட்டில் வந்தாள். என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பிறகு கிளாரிஸை அடையாளம் கண்டு, திரும்பி வந்து, என்னைப் பார்த்தாள்.

“முதலாளி... மீசை எங்க?”

“வீட்ல” என்றேன். வேறு என்ன சொல்ல?

“ஐயோ கடவுளே! யாரோ மாதிரி இருக்கீங்களே. என் படத்துல எல்லாம்...” அதற்குள் டாக்டர் ஹாஸ் தொண்டையைச் செருமினார்.

இருபது கேள்வி. பதினெட்டு சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பழக்கத்தில் என் பக்கம் பார்ப்பாள், சுத்தமாகச் சிரைத்த அந்நியன் ஒருவன் கயிற்றோடு நிற்பான், அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பழைய என்னைத் தேடுவாள். உப்புசம் வந்துவிட்டது. முறுக்கல் வந்துவிட்டது. ஏழாவது கேள்வியில், அந்தப் பால் கேனும் ஒற்றைக் காலும், ‘லேம்’ என்கிற சின்னச் சொல் வரவில்லை. டாக்டர் தாளில் ஒரு கோடு போட்டார். பன்னிரண்டாவதில் இன்னொரு கோடு. பிறகு அவள் என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். பத்தொன்பது வரை தட்டுத்தடுமாறி ஏறினாள். என் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இருபதாவது. டாக்டர் ஹாஸ் ஒரு மரச் சட்டத்தையும் துணியால் தைத்த கன்றுக்குட்டியையும் எடுத்தார். கன்றின் பின்பக்கத்தைச் சட்டத்தில் திணித்தார்.

“ராத்திரி பண்ணையில இருக்கீங்க. கன்னு இப்படி வருது. டாக்டருக்கு ஃபோன்ல ஒரே வார்த்தையில சொல்லணும். ஒரு நிமிஷம் தர்றேன்.”

ஒப்துலியா வாயைத் திறந்தாள், மூடினாள். ஸ்பானிய மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். பத்து விநாடி போனது, இருபது போனது.

எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் நின்றது. நான் பேசக்கூடாது. நான் பேசாமல் நின்றாலே போதும். சட்டப்படி நடந்தாலே போதும், திங்கட்கிழமை அவள் என் பள்ளத்தில் நிற்பாள், ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நிற்கத்தான் போனேன். அப்போது அவள் கால் என் கண்ணில் பட்டது. வலது முட்டியை மடக்காமல், எடையை எல்லாம் இடது காலில் போட்டு நின்றுகொண்டிருந்தாள். ஏழு வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறாள். மாடு அப்படி நின்றிருந்தால் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிட்டிருப்பேன்.

எனக்குப் பின்னால் பட்டிக் கதவு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு ஜன்னல் அளவு இடைவெளி. பேசக்கூடாது, தலையாட்டக்கூடாது, கை காட்டக்கூடாது என்றுதானே சொன்னார்? குனிந்தேன். பின்பக்கத்தை அந்த இடைவெளியில் வைத்தேன். ஒரு உந்து உந்தினேன். போதாது என்று இன்னொரு உந்து. கஞ்சி போட்ட சட்டை எங்கோ கிழிந்தது. உள்ளே போனது. அதோடு நின்றுவிட்டது. இரண்டு காலும் தரையை விட்டு எழும்பின. கிளாரிஸ், சாதுவான கிளாரிஸ், இதைப் பார்த்து மிரண்டு கயிற்றை இழுத்தாள். நான் இரண்டாக மடிந்தேன், மூக்கு முட்டியில் இடித்தது.

கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஒப்துலியாவும் பார்த்தாள். கண் விரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளிருந்து அந்தப் பழைய வெடிச் சிரிப்பு பீறிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“ப்ரீச்!” என்று கத்தினாள். “ப்ரீச், டாக்டர்! ப்ரீச், ப்ரீச், ப்ரீச்!”

“ஒரு தடவை சொன்னாப் போதும்” என்றார் டாக்டர் ஹாஸ். தாளில் ஏதோ எழுதினார். பிறகு என் பக்கம் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “மிஸ்டர் சாஸ்ட்ரோ, உடம்புக்கு ஏதாவது செய்யுதா?”

நான் பேசவில்லை. விதி.

“பரீட்சை முடிஞ்சுது. இப்பப் பேசலாம்.”

“முதுகு அரிச்சுது டாக்டர். சொறிஞ்சுக்கலாம்னு கதவுல தேய்ச்சேன்.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “கயிறு பிடிக்கிறவர் கதவுல மாட்டிக்கக்கூடாதுன்னு விதியில இல்ல. அடுத்த வருஷம் சேர்த்துடறேன்” என்றார். அவர் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. பிறகு ஒப்துலியாவைப் பார்த்து, “ப்ரீச்னா முதல்ல என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார்.

அவள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளினாள், பிறகு ஒரு காலைத் திருப்பினாள், பிறகு இன்னொரு காலை, பிறகு இழுத்தாள். கன்றுக்குச் செய்கிற அதே வரிசை. சாணித் தரையில் வந்து விழுந்தேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் அன்றைக்கு வழியில்லை.

திரும்பும்போது வண்டியை டார்லிஸ்தான் ஓட்டினாள். ஊர் எல்லை தாண்டும்போது என் முட்டி மேல் கையை வைத்தாள். “கிழிஞ்ச சட்டையைத் தைக்க மாட்டேன். அப்படியே வெச்சிருக்கப் போறேன்” என்றாள்.

ஜூலை நடுவில் ஒப்துலியா ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற அன்று நோட்டைத் தம்பியிடம் கொடுத்தாள், என்னிடம் அந்த ஜன்னல் படத்தைக் கிழித்துக் கொடுத்தாள். “நல்லா இருங்க முதலாளி. ஜன்னல் பக்கம் போகாதீங்க” என்றாள். நான் மாட்டைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அந்தப் படம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிறான்.

அடுத்த திங்கட்கிழமை காலை பள்ளத்தில் இறங்கினேன். சுவரில் இரண்டு ஆணி. ஒன்று ஃபிதென்சியோவின் ஏப்ரன் இருந்த இடம், அவன் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். மற்றதில் ஏழு வருஷம் அவளுடைய நீல ஏப்ரன் தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் அழுக்குப்படாமல் வெள்ளையாக இருந்தது. நான் என் ஏப்ரனை அதில் மாட்டப் போய், மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொல் வந்தது. நான்கு மாடு உதறித் தள்ளிய சொல்.

“எக்ஸ்த்ரான்யோ” என்றேன் வாய்விட்டு.

ஃபிதென்சியோ திரும்பினான். சிரிக்கவில்லை. “யாரை முதலாளி?”

“உங்கக்காவைத்தாண்டா. குளம்பு வெட்டுறவனையா?”

அவன் ஒரு மாட்டின் மடியைக் கழுவினான். ஏப்ரன் பையில் அந்த நோட்டு துருத்திக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாக என் மேலுதட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மறுபடி மேலுதட்டைப் பார்த்தான்.

“அடுத்த பரீட்சை அக்டோபர்ல முதலாளி.”

“தெரியும்.”

“இல்ல... மீசை...”

“வளர்த்துக்கிட்டுதான்டா இருக்கேன்! அக்டோபருக்குள்ள வந்துடும். வாயை மூடிக்கிட்டு மாட்டைப் பாரு.”